இரத்தோட்டைத் தோட்டங்களும் மருத்துவக் கல்வியும்: புலமைப்பரிசில்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பகுதிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வர். தொழிலாளர் மிகுதியாகச் செறிந்து வாழும் பகுதிகள் அவையே ஆதலின் இது இயல்பானதே. ஆயினும், மலைநாட்டினுள் அம்மக்கள் முதலிற் கால்வைத்த மாத்தளை மாவட்டம் இதனால் ஆய்வாளரின் கண்ணில் படாது போய்விடுகின்றது. மாத்தளை நகரிலிருந்து வடகிழக்காக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் அமைந்த இரத்தோட்டையும், அதனைச் சூழ்ந்த கம்மடுவை முதலான தோட்டங்களும் இதற்குத் தக்க சான்றாகும். மிளகும் ஏலமும் கராம்பும் விளையும் செழிப்பான பகுதி அது. அங்கிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் ஐம்பது கிலோமீற்றருக்கும் உட்பட்ட தூரத்திலேயே உள்ளது. நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் அங்கு 1962 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. எனினும், லயத்துப் பிள்ளையொன்று அந்தச் சிறு தூரத்தைக் கடப்பதற்குப் பல தலைமுறைகள் சென்றன. திறமையுள்ள ஏழை மாணவர்க்கு உதவும் பொருட்டே தோன்றிய புலமைப்பரிசில்கள் இதில் எவ்விடத்து உதவின, எவ்விடத்து உதவாது நின்றன என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குதல் பயனுடையதாகும்.

நோயிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகின்றது. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுப் பாதையூடாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானோர் தொகை பெரிது. உயிர் தப்பியோர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாயிற்று. மலையகம் 200 ஐ நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு யூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12 இல் மாத்தளையிலேயே நிறைவுற்றமை இக்காரணம் பற்றியே. தொழிலாளரின் மரணம் தோட்டத்துரைமாருக்குக் கூலிப் பற்றாக்குறையாகவும், குடியேற்ற அரசுக்கு இந்திய அரசாங்கத்தின் கேள்விகளுக்கு விடையிறுக்க வேண்டிய சங்கடமாகவும் தோன்றியது. இவ்விரண்டின் விளைவாகவே 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது எனலாம். பெருந்தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அரசாங்க வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் படிப்படியே எழுந்தன. அக்காலத்துத் தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியான கின்சி, தோட்டங்களில் நிகழ்ந்த மரணங்களின் தொகையை வெளிப்படையாகப் பேசியமையால் துரைமாரோடு மோத நேர்ந்தது. செலவை எவர் பொறுப்பது என்ற வழக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. 1912 ஆம் ஆண்டில் மீண்டுமொரு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வேண்டியதாயிற்று.

இச்சட்டங்கள் யாவும் தொழிலாளியை மருந்து பெறுபவனாக மட்டுமே கண்டன என்பது ஈண்டு நோக்கற்பாலது. மருந்து கொடுப்பவனாக அவன் மகன் வரக்கூடும் என்ற எண்ணம் எவர்க்கும் எழவில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த, ஆங்கிலங் கற்ற ஒருவராயிருந்தார். தோட்டத்து மக்கள் அவரை 'டாக்டர் ஐயா' என்று அழைத்தனர். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். ஆயினும், அந்த மலைச்சரிவில் உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நின்றவர் அவர் ஒருவரே.

இதே காலத்தில் இலங்கையின் வடக்கே நிகழ்ந்த ஒன்றை ஒப்புநோக்கினால் தோட்டங்களின் நிலை மேலும் தெளிவாகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலிற் கற்பித்த மொழி ஆங்கிலம். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர் வேலையையும் நாடிச் சென்றனர். கிராமங்களிலோ மருத்துவர் இல்லாக் குறை தீரவில்லை. எனவே 1860களின் நடுப்பகுதி முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார் கிறீன். தமிழிற் பயின்றவன் தன் ஊரிலேயே தங்குவான் என்பது அவர் கணிப்பு. இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தமைக்கு இதுவே அடிப்படை. அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் 33 பேர் தமிழிற் பயின்றவர். 1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பாடசாலை தொடங்கியதும் ஆங்கிலமே மருத்துவத்தின் மொழியாக நிலைபெற்றது. கிறீனின் முயற்சியைத் தமிழறிஞர் கலைச்சொல்லாக்கத்தின் முன்னோடியாகவே பெரிதும் பாராட்டுவர். அதனினும் மேலாகப் போற்றத்தக்கது, எந்த மொழியிற் பயின்றவன் எந்த மக்களிடையே நின்று தொழில் புரிவான் என்ற வினாவை அவர் எழுப்பியமையாகும். மானிப்பாயில் எழுந்த அந்த வினா இரத்தோட்டையில் எழுப்பப்படவேயில்லை.

குடியேற்ற அரசு வழங்கிய புலமைப்பரிசில் வேறு வகையானது. 1870 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற பொன்னம்பலம் அருணாசலம், சிவில் சேவையில் உயர் பதவிகளை வகித்து ஓய்வுபெற்ற பின் 1915 இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 இல் பெரி சுந்தரத்தோடு இணைந்து தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தோற்றுவித்தார். தொழிலாளியைக் கடனாற் கட்டிவைத்த துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டதில் இச்சங்கத்துக்குப் பங்குண்டு. புலமைப்பரிசிலும் தலைமைத்துவமும் சமூக சேவையும் ஒருவரிடத்தே இணைந்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கை வரலாற்றிற் காண்டல் அரிது. ஆயினும், அருணாசலம் செல்வாக்குள்ள குடும்பத்தில் தோன்றி, கொழும்பின் முதன்மையான பாடசாலையிற் பயின்றவர். வாயில்வரை வந்து சேர்ந்தவர்க்கே அப்புலமைப்பரிசில் கதவைத் திறந்தது. அவர் எவருக்காகப் போராடினாரோ அவர்களின் பிள்ளைகள் அவ்வாயிலைக் கண்டதுமில்லை.

அவர்கள் கண்டது தோட்டப் பாடசாலையையே. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. பத்து வயதுக்கு மேல் சட்டத்துக்கு அக்கறையில்லை. அவ்வயதிற் பிள்ளை கொழுந்துக் கூடையையோ புல்லுவெட்டும் கத்தியையோ எடுக்கலாம் என்பதே அதன் உட்பொருள். ஒற்றை மண்டபத்தில் ஐந்து வகுப்புகள், அவையனைத்துக்கும் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். தோட்டத்துரையின் தயவில் அவர் வாழ்ந்தார். ஐந்தாம் வகுப்பின் பின் மேலே படிக்க விரும்பும் பிள்ளை மலையிறங்கி நகரத்துக்குச் செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணம் அன்றைய கூலிக்குக் கட்டுப்படியாகக் கூடியதன்று.

1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டமும், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் மத்திய பாடசாலைகளும், அவற்றுக்கு மாணவரைத் தெரிவுசெய்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையும் நாட்டின் கிராமப்புறத்தை மாற்றியமைத்தன என்பதை மறுப்பார் இலர். கமக்காரனின் மகன் மருத்துவனான கதைகள் பல அத்திட்டத்தின் வழி வந்தவையே. அத்திட்டம் தோட்டத்தின் எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. தமிழ்மொழி மூலம் கற்பித்த மத்திய பாடசாலைகள் மலைநாட்டில் அரிதாயிருந்தன. மூன்று ஆண்டுகள் கழிந்த பின் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வைத்தியம், தாதிமை, மருந்தாளர் பணி ஆகியன யாவும் அரசாங்க உத்தியோகங்களாயிருந்த நாட்டில், பிரசாவுரிமை அற்றவனுக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் லயங்களில் வேரூன்றியதிற் புதுமை இல்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. வகுப்பிலிருந்த பிள்ளை அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருக்கும் என்பதே நிச்சயமற்றிருந்த காலம் அது. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த இருண்ட காலத்தில் தோட்டத்துப் பிள்ளையை நேரே கருதி உருவான புலமைப்பரிசில் ஒன்றுண்டு. 1940களில் இலங்கையிலிருந்த இந்தியப் பிரதிநிதித்துவத்தின் முயற்சியால் அமைந்த தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. தொகை சிறிதெனினும் இதன் சிறப்பு வேறு: விண்ணப்பதாரியின் தந்தையோ தாயோ தோட்டத் தொழிலாளி என்பதே தகுதி. அரசின் திட்டங்கள் எதனிலும் 'தோட்டம்' என்ற சொல் ஒரு தகுதியாக இடம்பெறாத நாளில் இது இடம்பெற்றது.

மருத்துவ பீட அனுமதியைப் பற்றிப் பேசும்போது தரப்படுத்தலைத் தவிர்த்தல் இயலாது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகவும், 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடாகவும் அது நடைமுறைக்கு வந்தது. அது யாழ்ப்பாணத்து மாணவர்மீது விழுத்திய அடியும், அதனால் விளைந்த அரசியலும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. மாத்தளையின் பக்கமிருந்து நோக்கினால் வேறொரு காட்சி தென்படும். பின்தங்கிய கிராமத்துக்கு இடமளிப்பதே மாவட்ட ஒதுக்கீட்டின் நோக்கம் எனக் கூறப்பட்டது. நாட்டின் மிகப் பின்தங்கிய பாடசாலைகள் தோட்டங்களிலேயே இருந்தன; ஆனால் 1974 இல் அவை அரசின் கைக்கு முழுமையாக வந்திருக்கவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, அவற்றின் பாடசாலைகள் படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டு அப்பணி பெருமளவு நிறைவுற 1977 ஆம் ஆண்டும் அதன் பின்னரும் ஆயின. பல்கலைக்கழகத்தின் மேற்கதவிலே ஒதுக்கீடு எழுதப்பட்ட வேளையில், கீழே ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் படியே கட்டப்பட்டிருக்கவில்லை. யாழ்ப்பாணம் இழந்த இடங்களை மலையகத் தமிழன் பெற்றான் என்று அக்காலத்தில் எவரேனும் எண்ணியிருப்பின் அது வெறும் மயக்கமே. மேலும் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்திய காலமும் அதுவே. பிள்ளைகளின் உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த இல்லங்களில் உயர்தர விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுவார் யார்? 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் மலைநாட்டுத் தமிழரை வன்னிக்கு இடம்பெயரச் செய்தன. 1983 யூலையில் மாத்தளை நகரும் அதன் முத்துமாரியம்மன் ஆலயமும் தீக்கிரையாகின.

எனினும் 1980களின் நடுப்பகுதிக்குப் பின் நிலைமை மாறலாயிற்று. சுவீடன் நாட்டின் உதவியோடு பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞரும் யுவதியரும் ஆசிரியர் நியமனம் பெற்றனர். கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. மாத்தளை நகரத்தில் பாக்கியம் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் தமிழ் மாணவர்க்கு உயர்கல்வியின் வாயில்களாக நின்றன. தோட்டத்திற் பிறந்து மருத்துவராகவும் தாதியராகவும் விளங்குவோர் இன்று பலருளர். இதனைச் சாதனை என்றே கொள்ளல் வேண்டும். ஆயின் அச்சாதனையில் உதவித்தொகைகளின் பங்கை அளந்தறிதல் வேறு.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்தி, வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அரசு வழங்கிய மாதாந்தத் தொகை 750 ரூபா. 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் இதனை 1,500 ரூபாவாக உயர்த்தியது. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. ஒரு பிள்ளையைப் பாடசாலையில் ஒரு திங்கள் முழுதும் வைத்திருப்பதற்கான உதவி, தாயின் ஒருநாட் கூலிக்கு ஏறத்தாழப் பாதியாயிருந்து 2025 இல் அதனைச் சிறிதே விஞ்சியது. 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலைபெற்ற மகாபொல புலமைப்பரிசிலோ நீண்ட காலம் 5,000 ரூபாவாயிருந்து அதே வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாயிற்று. அது பெறுமதி வாய்ந்த உதவியே. அதனைப் பெறுபவர் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்துவிட்டவர். மருத்துவ பீட மாணவராயின் மிகக் கடினமான போட்டியை வென்றவர். பன்னிரண்டு வயதில் மாத்தளைக்கோ கண்டிக்கோ விடுதி தேடிப் போகமுடியாது படிப்பை நிறுத்தியவர் அக்கணக்கில் வருவதேயில்லை. உயர்தர உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகிய பாடங்களைத் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலை தோட்டத்துக்கு அண்மையில் உண்டா என்பதிலேயே மருத்துவக் கல்வி தீர்மானிக்கப்படுகின்றது. புலமைப்பரிசில் அதற்குப் பின்னரே வந்து சேர்கின்றது.

மருத்துவர் என்ற ஒரு பதவியை மட்டும் கண்ணிற் கொள்வதும் குறையுடைத்து. தோட்டத்துத் தாயும் சேயும் நாடோறும் காண்பவர் மருத்துவர் அல்லர். குடும்பநல உத்தியோகத்தராகிய மருத்துவமாதுவும் தாதியுமே. இவ்விரு துறைகளிலும் அரசாங்கப் பயிற்சியின்போதே படி வழங்கப்படுவதால், வறிய குடும்பத்துப் பெண்ணுக்கு இதுவே உண்மையான புலமைப்பரிசில் எனலாம். பெயரில் மட்டும் அது அவ்வாறில்லை. ஆனால் தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவில் உயர்தரச் சித்தி வேண்டப்படுகையில், அதே இரசாயன ஆசிரியர் இல்லாமை இங்கும் வந்து வழிமறிக்கின்றது. தமிழ் பேசும் மருத்துவமாதர் போதாமை பெருந்தோட்டச் சுகாதாரத்தில் நெடுங்காலமாகச் சுட்டப்பட்டு வரும் குறைபாடு. கருவுற்ற பெண் தன் உடல்நோவைச் சொல்ல, அயலார் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் நிலையில், சொல்லவேண்டிய பலவற்றை அவள் சொல்லாமலே விடுகிறாள். மொழியை அறிந்து ஊரிலே தங்குபவனைப் பயிற்றவேண்டும் என்று கிறீன் கருதி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1987 முதல் தமிழும் நாட்டின் அரசகரும மொழி என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிகளின்படி, திறமை அடிப்படையில் 40 வீதமும், மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப 55 வீதமும், கல்வியிற் பின்தங்கியவை எனப் பெயர் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு 5 வீதமும் இடங்கள் பகிரப்பட்டு வந்துள்ளன. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அப்பதினாறில் அடங்கும். மாத்தளை அடங்காது. மாவட்டம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்துச் சராசரி காணும்போது, நகரத்துப் பெரிய பாடசாலைகளின் நிழலில் மலைத்தோட்டங்கள் மறைந்துபோதல் இயல்பே. மாத்தளையை அப்பட்டியலிற் சேர்த்தாலும் அந்த இடங்கள் கம்மடுவைப் பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. அளவுகோல் மாவட்டமாக இருக்கும்வரை லயம் அதில் அகப்படாது. தொழிலாளியின் பிள்ளை என்பதையே தகுதியாக்கிய அந்தப் பழைய நிதியத்தின் சிறு விதி, இவ்வகையில் ஆணைக்குழுவின் பெரிய விதியைக் காட்டிலும் கூர்மையானது.

மாணவரின் மாவட்டம் அவர் உயர்தரப் பரீட்சைக்கு முன் மூன்றாண்டுகள் பயின்ற பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. வசதிபடைத்த வெளிமாவட்ட மாணவர் பரீட்சைக்காக மட்டும் பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சென்று அங்குள்ளோரின் இடங்களைக் கவர்கின்றனர் என நுவரெலியாவில் எழுந்த முறைப்பாடுகளை அறிந்தோர் இவ்விதியின் தேவையை உணர்வர். அதே விதியின்படி, இரத்தோட்டைத் தோட்டத்து மாணவி ஒருத்தி நுவரெலியா மாவட்டத்தின் சலுகையைப் பெற விரும்பினால், சாதாரண தரத்துக்கு முன்னரே வீட்டைவிட்டு அங்கு சென்று தங்கிப் படிக்க வேண்டும். விடுதிக்கும் பயணத்துக்கும் அவள் கையில் இருப்பது மாதம் 1,500 ரூபா; அதுவும் ஐந்தாந் தரத்திலே அவள் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தால் மட்டுமே.